இருபதுக்கு எட்டு

பூங்குழலிக்கும் சூரியபிரகாஷுக்கும் நடந்த முதல் சண்டை எஞ்சினைப் பற்றியது. அதில் அவள் ஜெயித்தாள். அன்றைக்குத் தோற்றுத் தொலைத்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று இப்போது சில சமயம் நினைத்துக்கொள்கிறாள்.

அப்போது இருவரும் வேலூரில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தார்கள். ரிமோட் விமானம் விடுகிறவர்களுக்கென்று காலேஜில் ஒரு கிளப் இருந்தது. கிளப் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறை, காலாடும் இரண்டு மேசைகள், எந்நேரமும் பசை நாற்றம், அவ்வளவுதான். முதன்முதலாகப் பெரிய விமானம் ஒன்று கட்டி, அதற்கு எஞ்சின் வாங்கக் கூடிப் பேசியபோது, மெத்தனாலில் ஓடுகிற சின்ன எஞ்சின்தான் வேண்டும் என்றான் பிரகாஷ். கத்திக்கொண்டு சுற்றும், குட்டி ப்ரொப்பெல்லர் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்றான். பையன்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். வேகம் என்று யாராவது சொன்னால் பையன்களுக்குத் தலை தானாகவே ஆடும்.

"வேகமாப் போறதுக்கு பைக் இருக்குது," என்றாள் பூங்குழலி. "நாம விடப்போறது கரணம் போட்ற பிளேன். ஏறும்போது இன்னா வேகமோ, இறங்கும்போதும் அதே வேகம்தான் இருக்கணும். ப்ராப்புக்கு ரெண்டு வேல. ஏத்தத்துல இழுக்கணும், இறக்கத்துல புடிச்சி நிறுத்தணும். பெட்ரோல் எஞ்சின் வாங்கு, மெதுவா சுத்தட்டும். ப்ராப்பப் பெருசாப் போடு."

பெட்ரோல் எஞ்சின் வாங்கினார்கள். அந்த வருஷப் போட்டியில் அவள் வானத்தில் போட்ட வட்டங்கள் காம்பஸ் வைத்துப் போட்டவை போல இருந்தன. கோப்பை அவளுக்குக் கிடைத்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வந்தவன் பிரகாஷ். அப்படியே கல்யாணம் வரைக்கும் நடந்து வந்துவிட்டான்.

கல்யாணமாகி ஆம்பூரில் குடித்தனம். அவனுக்கு ஒரு டேனரியில் பச்சைத் தோல் கொள்முதல் பார்க்கிற வேலை. அவளுக்கு ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில், கம்ப்யூட்டரில் மேல்தோலுக்கு வெட்டு அளவு போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் விமானத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிகொண்டா தாண்டிப் பாலாற்றங்கரையில் இருக்கும் கட்டாந்தரைக்குப் போவார்கள். ஒரு வாரம் அவன் விட்டால் மறு வாரம் அவள். பிறகு பாரதி வயிற்றில் வந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் நிற்காதே என்றார் மாமியார். நியாயம்தான். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, எல்.கே.ஜி.யும் போக ஆரம்பித்துவிட்டது. ரிமோட் மட்டும் அவள் கைக்குத் திரும்பி வரவே இல்லை. யாரும் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் சண்டை போட்டாவது வாங்கியிருப்பாள். "இன்னிக்குக் காத்து ஜாஸ்தி, நான் விட்றேன்." "பாரதி அழுவுறா பாரு, கொஞ்சம் எடுத்துக்கோ." ஒவ்வொரு ஞாயிறும் ஒரு நல்ல காரணம் குளித்து முழுகி வந்து நின்றது.

எஞ்சின் மட்டும் அவளிடமே இருந்தது. "எஞ்சின் உன் டிபார்ட்மெண்ட்" என்று அவனே வாய் நிறையச் சொல்லுவான். பெட்ரோலில் ஆயில் கலப்பது, கார்புரேட்டர் ஊசியைத் திருகிப் பார்ப்பது, பிளக்கைத் துடைப்பது, எந்த ப்ராப் ஒத்துவரும் என்று மாட்டி மாட்டிக் கழற்றுவது எல்லாம் அவள் டிபார்ட்மெண்ட். கையில் கறை படுகிற வேலையெல்லாம் அவளுக்கு, கைதட்டல் கேட்கிற இடம் அவனுக்கு. காலேஜில் வாடா போடா என்று பேசியவள், மாமியார் காதில் விழுமே என்று வாங்க போங்கவுக்கு மாறி, அதுவும் பழகிப்போயிருந்தாள்.

காவேரிப்பாக்கம் ஏரியில் கோடைக்குத் தண்ணீர் உள்வாங்கிய பிறகு, கரையோரம் இறுகிக் கிடக்கும் தரையில் வருஷா வருஷம் சுற்றுவட்டார விமான கிளப்காரர்கள் ஒரு போட்டி நடத்துகிறார்கள். ஒரே நாளில் எல்லோரையும் முடிக்க வேண்டுமென்று ஒரு விமானத்தை ஒருவர்தான் விடலாம் என்று விதி. போன வருஷம் பிரகாஷ் மூன்றாவதாக வந்தான். திரும்பி வரும்போது ஒரே குஷி. கார் ஓட்டிக்கொண்டே, "அடுத்த வருஷம் நீதான் விட்ற, குழலி. ப்ராமிஸ்," என்றான். அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னானோ என்னவோ, அவள் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. இனி நான் விடுகிறேன் என்று மறு ஞாயிறே ரிமோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சொன்ன வாயால் இல்லை என்று சொல்ல அவனாலும் முடியவில்லை.

கை மறந்துபோயிருந்தது. முதல் சில வாரங்கள் வட்டம் போட்டால் முட்டை வந்தது. ஆனால் காது மறக்கவில்லை. எஞ்சின் எங்கே சுகமாக ஓடுகிறது, எங்கே முக்குகிறது என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. முதலில் எஞ்சினுக்கும் ப்ராப்புக்கும் ஜோடிப் பொருத்தம் பார்த்து முடித்துவிட வேண்டும், கை தானாக வரும் என்று முடிவு செய்தாள்.

ப்ராப்பின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை அங்குலம் என்பது. இரண்டாவது எண், மரத்தில் திருகாணி இறங்குவது போல, ஒரு சுற்றுக்கு அது காற்றில் எத்தனை அங்குலம் முன்னே போகப் பார்க்கும் என்பது. எஞ்சினுக்குச் சின்னதாகப் போட்டால் தறிகெட்டுச் சுற்றும். பெரிதாகப் போட்டால் மூச்சு வாங்கும், சூடேறும், கடைசியில் நடுவானில் நின்று மானத்தை வாங்கும். பதினேழுக்குப் பத்து போட்டுப் பார்த்தாள். ஏற்றத்தில் குறை சொல்ல முடியாது, இறக்கத்தில் கட்டறுத்துக்கொண்டு ஓடியது. பத்தொன்பதுக்கு எட்டு காலையில் தேவலாம் போல இருந்தது. வெயில் ஏறியதும் எஞ்சின் சத்தம் தடித்துப்போயிற்று. இறக்கிக் கழற்றிவிட்டாள்.

பதினெட்டுக்கு எட்டு போட்ட அன்று காற்றே இல்லை. விமானம் நேராக ஏறியது, உச்சியில் ஒரு கணம் நின்றது, கவிழ்ந்து ஏறின வழியிலேயே இறங்கியது. ஏறின வேகம், இறங்கின வேகம், இரண்டும் ஒன்று. எஞ்சின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள். வருஷக்கணக்காக அப்படி இருந்ததில்லை. அதன் பிறகு போட்டிக்கான வரிசையை, எதற்குப் பின் எது என்று, அந்த ப்ராப்பை வைத்தே அமைத்தாள். சமையலறையில் தோசை ஊற்றும்போதும் அந்த வரிசையை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளே விட்டு, அவள் பெயரை மைக்கில் கூப்பிட்டு, அவள் கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

போட்டி நடக்கிற வாரம், ராத்திரிச் சாப்பாட்டில் பிரகாஷ் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டே, "குழலி, ஒரு சின்ன பேஜார்," என்றான்.

"இன்னா?"

"இந்தத் தடவ பந்தல், பேனர் எல்லாம் எங்க டேனரிதான் குடுக்குது. எம்.டி. வர்றாரு. இத்தாலிலேர்ந்து வந்துக்குற, தோலு வாங்குற பையரையும் கூட்டினு வர்றாரு. நம்ம பிரகாஷ் பிளேன் விடுவான், வந்து பாருங்கன்னு அந்தாள்கிட்ட சொல்லிட்டாராம்."

"இல்ல சார், என் ஒய்ஃபு விட்றாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவ்ளோ பேரு நடுவுல எப்படி சொல்றது? நல்லாவா இருக்கும்?"

"ஏன், நல்லா இருக்காதா?"

அவன் சட்னியைத் தொட்டுக்கொண்டான். "ஒரே ஒரு தடவ. அடுத்த வருஷம் கண்டிப்பா நீதான். போட்டி நடத்துற முஜாஹித்கிட்ட பேர மாத்தச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுத்தான் கேட்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உள்ளறையில் மாமியார் பாரதிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே குரல் உயர்ந்தால் அங்கே கதை நின்றுவிடும். பிறகு ஒரு வாரத்துக்கு வீடு வீடாக இருக்காது. இப்படி எத்தனையோ கணக்குப் போட்டு எத்தனையோ விஷயத்தை விழுங்கியிருக்கிறாள், இதையும் விழுங்கினாள்.

"சரி. ஆனா ப்ராப்ப மாத்தாதீங்க. நான் செட் பண்ணது அப்படியே இருக்கட்டும். நான் பக்கத்துல நின்னு வரிசைய சொல்றேன்."

"அத இன்னாத்துக்கு நான் தொடப்போறேன்?" என்றான் பிரகாஷ். பெரிய பாரம் இறங்கினவன் போல இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டான்.

போட்டிக்கு முந்தின நாள், டேனரியில் எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று விமானத்தைக் காரில் போட்டுக்கொண்டு போனான். போய்விட்டு வரட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை காவேரிப்பாக்கத்தில் பந்தல் நிரம்பியிருந்தது. மோர் கொடுத்தார்கள். டேனரியின் பேனர் ஏரிக்கரை நீளத்துக்குக் கட்டியிருந்தது. கிளப்பை நடத்துகிற முஜாஹித், காலேஜில் இவர்கள் இருவரோடும் ஒரே வகுப்பில் படித்தவன், டேனரிகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிறவன், மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழும் உருதுவுமாக எல்லோரையும் கலாய்த்துக்கொண்டிருந்தான். பூங்குழலி காரின் பின்கதவைத் திறந்தாள். விமானத்தின் மூக்கில் புதிதாக ஒரு மர ப்ராப் மாட்டியிருந்தது. குனிந்து எண்ணைப் பார்த்தாள். இருபதுக்கு எட்டு.

"இது இன்னா?"

"கோச்சிக்காத, கேளு," என்றான் பிரகாஷ். அவன் முகத்தில் பெருமைதான் இருந்தது, குற்றம் செய்தவனின் களை ஒன்றும் இல்லை. "தோல் குடோன்ல தொங்குற தராசு இருக்குதுல்ல? வாலுல கயிறு கட்டி அதுல மாட்டி, எஞ்சின ஃபுல்லா விட்டுப் பாத்தேன். உன் ப்ராப் எவ்ளோ இழுத்துச்சோ அதுக்கு மேல கால் பங்கு ஜாஸ்தி இழுக்குது இது. டேனரியே நின்னு பாத்துச்சு. தராசு பொய் சொல்லுமா?"

உப்புப் போட்ட தோலை ஏஜெண்டுகள் கொண்டு வந்து தராசில் போடும்போது, எதில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறார்கள் என்று எட்ட நின்றே சொல்லிவிடுகிறவன் இவன். அதற்காகவே டேனரியில் இவனுக்கு மரியாதை. தராசின் முள்ளை நம்பாதே, தோலைத் தொட்டுப் பார் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பான். அப்படிப்பட்டவன் விமானத்தைத் தோலாக்கித் தராசில் தொங்கவிட்டுவிட்டு வந்து நிற்கிறான்.

"குடோன் நிழல்ல, ஒரே எடத்துல நிக்க வெச்சி, ஒரு நிமிஷம் ஓட்டிப் பாத்துருக்கீங்க. நிக்கும்போது இழுக்குறது வேற, வெயில்ல ஏறும்போது இழுக்குறது வேற. இந்த எஞ்சினுக்கு இது தாங்காது. சூடாயி நின்னுடும்."

"தராசுல அவ்ளோ காட்டுது, தாங்காதுன்ற."

"தண்ணி தெளிச்ச தோலு கூடத்தான் ஜாஸ்தி காட்டும்."

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றான். இந்தத் தடவை குரலில் சுருக்கென்றிருந்தது.

"என் ப்ராப் எங்க?"

"டேனரிலயே கீது."

அதற்கு மேல் நின்று பேசிப் பயனில்லை. பந்தலுக்கு ஓடினாள். முஜாஹித்தின் பெட்டியில் எல்லா அளவிலும் ப்ராப் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் அவன் மைக்கை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கிளறிப் பதினெட்டுக்கு எட்டு ஒன்றை எடுத்துக் கையில் வைத்தான். "ஓட்டை சைஸ் உன் எஞ்சினுக்கு சரியா இருக்கும். சீக்கிரம் போ, குழலி. அடுத்து அவன்தான்," என்றான்.

அவள் திரும்பி வருவதற்குள் வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. எம்.டி. இறங்கி நின்று, தொப்பி போட்ட இத்தாலிக்காரரிடம் விமானத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிரகாஷ் எஞ்சினைக் கிளப்பிவிட்டிருந்தான். பூங்குழலி ப்ராப்பைத் தூக்கிக் காட்டினாள். அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டி, எம்.டி. பக்கம் திரும்பிச் சிரித்தான். எஞ்சினை அணைத்து, ப்ராப்பைக் கழற்றி மாட்டுவது அந்தச் சிரிப்புக்கு நடுவே நடக்கிற காரியமில்லை. மனைவி சொல்லி மாட்டினான் என்று வேறு ஆகிவிடும்.

"அடுத்து, ஆம்பூர் சூரியபிரகாஷ்," என்றது மைக்.

போட்டியில் விமானம் விடுகிறவன் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதனால் பக்கத்திலேயே ஒருவர் நின்று, அடுத்து எது என்று வரிசையைச் சொல்லுவார். சொன்னதைச் செய்வதுதான் வழக்கம், அங்கே நின்று விவாதம் கிடையாது. பூங்குழலி அவன் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையில் பதினெட்டுக்கு எட்டு அப்படியே இருந்தது. அதை வைக்க இடமில்லை.

விமானம் எழும்பிய அழகைப் பார்த்துப் பந்தலில் கை தட்டினார்கள். தராசு சொன்னது மொத்தமும் பொய்யில்லை, ஓடி ஏறுகையில் முரட்டு இழுப்பு இருந்தது. "லூப்," என்றாள். போட்டான். "ரோல்." போட்டான். நன்றாகவே போட்டான். கை சுத்தமானவன்தான், அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை. நேர் ஏற்றத்தில் ஏற்றிக் கவிழ்த்தான். இத்தாலிக்காரர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

தரை மேல் வெயில் நெளிந்தது. இரண்டாவது ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் தடித்ததை அவள் கேட்டாள். வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

"சூடாவுது. இறக்கிடுங்க," என்றாள்.

"நல்லாத்தான் கீது. அடுத்தது சொல்லு."

சத்தம் இன்னும் கீழே இறங்கியது. இப்போது நடுவில் ஒரு கமறல். "பிரகாஷ், நின்னுடும். சொல்றதக் கேளுங்க, இப்பவே இறக்கிட்டா பிளேன் முழுசா வந்துடும்."

"எம்.டி. பாத்துனுகிறாரு. நீ அடுத்தது இன்னான்னு மட்டும் சொல்லு."

வரிசையில் அடுத்தது ஸ்டால் டர்ன். நேராக மேலே ஏறி, உச்சியில் நிற்கும்போது வாலைத் திருப்பிக் கவிழ்ந்து, வந்த வழியே இறங்குவது. உச்சியில் விமானத்துக்குச் சொந்த வேகம் இருக்காது. ப்ராப் தள்ளுகிற காற்று வாலில் மோதினால்தான் வால் திரும்பும். அங்கே எஞ்சின் நின்றால் வாலுக்குக் காற்றில்லை, அவ்வளவுதான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தாண்டிச் சாதாரணமாக ஒரு சுற்றைச் சொல்லலாம், அது அவள் கையில் இருந்தது. இரண்டு மார்க் குறையும், விமானம் பிழைக்கும். அவள் வரிசையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அது அவள் தனக்காக அமைத்த வரிசை.

"ஸ்டால் டர்ன்," என்றாள்.

விமானம் ஏறியது. பாதி ஏற்றத்தில் கமறி, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் நின்றது. ஏரி முழுக்கச் சத்தம் இல்லாமல் போயிற்று. வால் திரும்பவில்லை. வந்த வழியே பின்பக்கமாகச் சறுக்கியது. பிரகாஷ் அவசரப்பட்டு இழுத்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று, கரைக்கு அப்பால் சீமைக்கருவேலங் காட்டுக்குள் விழுந்தது. முறிகிற சத்தம் இங்கே வரை கேட்டது. பந்தலில் யாரோ ஐயோ என்றார்கள்.

முள்ளுக்குள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தவள் பூங்குழலிதான். இறக்கை இரண்டாகியிருந்தது. உடம்பு நடுவில் விண்டிருந்தது. ப்ராப் அடியோடு முறிந்து, நடுத்துண்டு மட்டும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டில் எண் தெளிவாகத் தெரிந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைகளில் முள் கிழித்து ரத்தம் கோடு போட்டிருந்தது.

எம்.டி.யும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். "என்னப்பா ஆச்சு? நல்லாத்தானே போயிட்டிருந்தது?" என்றார் எம்.டி.

பிரகாஷ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "எஞ்சின் சைடு சார். அதெல்லாம் வீட்ல மேடம் டிபார்ட்மெண்ட். ட்யூனிங்ல எதையோ விட்டுட்டாங்க போல."

எம்.டி. பூங்குழலியைப் பார்த்தார். நல்ல மனிதர், முகத்தில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "பரவாயில்லம்மா, மனசுல வெச்சிக்காதீங்க. லேடீஸ் இந்த அளவுக்குப் பண்றதே பெரிய விஷயம்," என்றார். இத்தாலிக்காரரிடம் அதை இங்கிலீஷிலும் சொன்னார். அவரும் தலையசைத்து, பரவாயில்லை என்பது போல அவளைப் பார்த்துச் சிரித்தார்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் கசந்தது. முஜாஹித் அருகில் வந்ததும், முறிந்த துண்டை அவனுக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். அவன் எண்ணைப் பார்த்தான். கையில் மைக் இருந்தது. ஒரு வார்த்தை அதில் சொன்னால் போதும்.

"விடு, குழலி," என்றான் மெதுவாக. "பந்தல் அவங்க குடுத்தது. எனக்குத் தெரியும்ல, அது போதாதா?"

"உனக்குத் தெரிஞ்சி எனக்கு இன்னா?" என்றாள். பதினெட்டுக்கு எட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு போய், மைக்கில் எஞ்சின் கோளாறு என்று அறிவித்தான்.

எம்.டி. பந்தலுக்குப் போனார். பிரகாஷும் கூடவே போனான். மோர் குடித்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது, பூங்குழலி தரையில் உட்கார்ந்து ஆலன் கீயால் எஞ்சினின் கடைசி போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற? வீட்ல போய்ப் பாத்துக்கலாம். எல்லாத்தையும் அப்படியே வண்டியில போடு."

"எஞ்சின் என் டிபார்ட்மெண்ட்தானே? நான் எடுத்துனு போறேன். மிச்சம் உன்னுது."

நீ என்று வந்ததை அவன் கவனித்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். "எல்லாரும் பாக்குறாங்க. சீன் போடாத. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எம்.டி. முன்னாடி நான் வேற இன்னா சொல்றது?"

"'ப்ராப்ப நான்தான் மாத்தினேன் சார்'னு சொல்லியிருக்கலாம். நாலு வார்த்த."

அவன் பதில் சொல்வதற்குள் பந்தலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டான். அவள் எஞ்சினைத் துப்பட்டாவின் ஒரு முனையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏரிக்கரை மேல் ஏறி நடந்து, ஹைவேயில் வேலூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்தாள். துணிக்கு மேலேயே எஞ்சினின் சூடு தெரிந்தது. கண்டக்டர் பெட்ரோல் நாற்றம் பிடித்து, "இன்னாம்மா அது?" என்றார். மிஷின் சாமான் என்றாள். வேலூரில் இறங்கி பஸ் மாற வேண்டும், ஆம்பூர் போய்ச் சேரும்போது பாரதி தூங்கி எழுந்திருப்பாள், பிளேன் எங்கே என்று கேட்பாள். அவளுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கப் பார்த்தாள். யோசனை அங்கே போகாமல் அந்த ஒரு வார்த்தையிலேயே வந்து நின்றது. ஸ்டால் டர்ன் என்று சொன்னது அவள் வாய்தான். தெரிந்தேதான் சொன்னாள். அதைப் பற்றி யாரும் அவளைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. செய்யாத ட்யூனிங் தவறு மட்டும் அவள் பெயரில் நிற்கும். ஆசைப்பட்டபடி மைக்கில் அவள் பெயர் வரவில்லை, பழி மட்டும் பெயர் சொல்லாமலே அவளைத் தேடி வந்துவிட்டது. வருத்தமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். விமானத்துக்காக வருத்தமாகத்தான் இருந்தது. அவனுக்காக இல்லை.

வாலாஜா தாண்டியதும் போன் அடித்தது. பிரகாஷ்தான். பந்தல் இரைச்சலுக்கு மேலே அவன் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"குழலி, எங்க கீற? சரி, அத விடு. எம்.டி. செம மூட்ல இருக்காரு. அந்த இத்தாலிக்காரருக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சாம். அடுத்த வருஷம் டேனரி பேர்லயே புதுசா ஒரு பிளேன் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டாரு, இதவிடப் பெருசா. நான்தான் விடணுமாம். எந்த எஞ்சின் போடலாம், அதுக்கு எந்த ப்ராப்புன்னு இப்பவே கேக்குறாரு. பக்கத்துலயே நிக்கிறாரு, சீக்கிரம் சொல்லு."

அந்தப் பக்கம் அவன், "லைன்ல இருக்காங்க சார், இதோ சொல்லிடுவாங்க," என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

"தராசக் கேளு," என்று சொல்லிவிட்டு போனை அணைத்தாள்.